புரோபயாடிக் சேர்த்த பால் பவுடர் கொடுத்தால் குழந்தைக்கு நோய் வராதா?

கேட்டிருப்பவர் பெருந்துறைப் பக்கத்து இளம் தாய். நிறைமாதத்தில் ஆபரேஷனில் பிறந்த பெண் குழந்தைக்கு இப்போது நாலு மாதம். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குத் திரும்ப வேண்டியிருப்பதால், பகலில் பால் பவுடர் கொடுப்பதென்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. மருந்துக் கடையில், "புரோபயாடிக் போட்டது வாங்குங்க, வயித்துப்போக்கு, சளி எதுவும் அண்டாது" என்று விலை கூடிய டப்பா ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். கூடவே, "சுடுதண்ணியில கலக்காதீங்க, உள்ள இருக்கிற நல்ல கிருமி செத்துப் போயிரும்" என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். குழந்தையின் அமுச்சியோ (அம்மாவைப் பெற்றவர்), "அதுக்கு நம்ம மோரே போதுமே" என்கிறாராம். யார் சொல்வதைக் கேட்பது என்பது கேள்வி.

ஈரோடு, கோபி வட்டாரத்தில் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்து வருகிறேன். இதே கேள்வி வேறு வேறு வடிவத்தில் அடிக்கடி வருவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புரோபயாடிக் என்பது உடம்புக்கு நல்லது செய்யும் என்று சேர்க்கிற உயிருள்ள நுண்ணுயிர், கடையில் சொன்ன "நல்ல கிருமி". முதலில் நேரான பதில். நிறைமாதத்தில் பிறந்து, எடை ஒழுங்காக ஏறிவரும் குழந்தைக்கு அந்த டப்பாவால் கெடுதல் எதுவும் இல்லை. வயிற்றுப்போக்கைக் கொஞ்சம் குறைக்கவும் கூடும். சளி, இருமலைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. "எதுவும் அண்டாது" என்பது உண்மையே இல்லை. எனக்குக் கவலை தருவது அந்தச் சுடுதண்ணீர் யோசனைதான். நல்ல கிருமியைக் காப்பாற்றப் போய்க் கெட்ட கிருமியை உயிரோடு விட்டுவிடுகிற வேலை அது. அதைப் பற்றிப் பின்னால் விவரமாகச் சொல்கிறேன்.

பால் பவுடரில் எதற்காகக் கிருமியைச் சேர்க்கிறார்கள் என்று தெரிந்தால் மற்றது எளிதாகப் புரியும். தாய்ப்பாலில் ஒலிகோசாக்கரைடு என்ற சர்க்கரை வகைகள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. குழந்தையால் இவற்றைச் செரிக்க முடியாது. இவை குடலில் வாழும் பைஃபிடோபாக்டீரியம் என்ற நுண்ணுயிருக்கான தீனி. அந்த நுண்ணுயிர் இதைத் தின்று அசிட்டிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் உண்டாக்கும். குடலில் புளிப்பு ஏறினால் நோய் தரும் கிருமிகள் பலவற்றால் அங்கே பெருக முடியாது. இதனால்தான் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலத்தில் அந்த இளம்புளிப்பு வாடை இருக்கிறது. புட்டிப்பால் குடிக்கும் குழந்தையின் குடலில் பைஃபிடோபாக்டீரியம் பொதுவாகக் குறைவு. குறைவாக இருப்பதை வெளியிலிருந்து போட்டுக் கொடுத்தால் என்ன என்பதுதான் புரோபயாடிக் டப்பாவின் பின்னால் இருக்கும் யோசனை. நியாயமான யோசனைதான்.

ஆபரேஷனில் பிறந்த குழந்தைகளுக்கு இது கூடுதலாகத் தேவை என்றும் சொல்வார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் சுமார் 45 சிசேரியன். அதனால் இந்தப் பேச்சுக்கு நம்மூரில் நல்ல செலாவணி இருக்கிறது. சிசேரியனில் பிறந்த குழந்தையின் குடலில் முதல் வாரங்களில் நுண்ணுயிர்க் கூட்டம் வேறு மாதிரி அமைவது உண்மை. ஆனால் மாதங்கள் போகப் போக அந்த வித்தியாசம் பெருமளவு குறைந்துவிடுகிறது. உங்கள் குழந்தைக்கு நாலு மாதம் ஆகிவிட்டது, இதுவரை உங்கள் பால் குடித்து வளர்ந்திருக்கிறது. ஆபரேஷன் என்பதற்காக இப்போது தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியை முதலில் இறக்கி வையுங்கள் அம்மிணி.

சரி, ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 1994-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வைத்தான் இந்த விஷயத்தில் எல்லோரும் முதலில் சொல்வார்கள். அமெரிக்காவில் நீண்ட நாள் ஆஸ்பத்திரியில் தங்கியிருந்த, 5 மாதம் முதல் 2 வயது வரையான 55 குழந்தைகள். ஒரு பாதிக்குச் சாதாரணப் பால் பவுடர், மறு பாதிக்கு பைஃபிடோபாக்டீரியம் பிஃபிடமும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸும் சேர்த்தது. சாதாரணப் பவுடர் குடித்த 26 பேரில் 8 பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. சேர்த்ததைக் குடித்த 29 பேரில் 2 பேருக்குத்தான் வந்தது. நல்ல வித்தியாசம்தான். ஆனால் ஆஸ்பத்திரி வார்டில் கிருமிகளுக்கு நடுவே கிடந்த குழந்தைகள் அவர்கள். எண்ணிக்கையும் சின்னது.

இன்னொன்று உங்கள் நிலைமைக்குக் கொஞ்சம் நெருக்கமானது. 2005-இல் வெளியான அந்த ஆய்வை இஸ்ரேலில் குழந்தைகள் காப்பகங்களுக்குப் போகும், 4 முதல் 10 மாதமான 201 குழந்தைகளை வைத்துச் செய்தார்கள். மூன்று குழு, 12 வாரம். ஒரு குழுவுக்குச் சாதாரணப் பவுடர், ஒன்றுக்கு பைஃபிடோபாக்டீரியம் லாக்டிஸ் பிபி-12 சேர்த்தது, மற்றொன்றுக்கு லாக்டோபேசில்லஸ் ரியூட்டரி சேர்த்தது. 100 குழந்தைக்கு என்று கணக்குப் போட்டால், சாதாரணப் பவுடர் குழுவில் அந்த 12 வாரத்தில் 31 முறை வயிற்றுப்போக்கு வந்தது. பிபி-12 குழுவில் 13 முறை, ரியூட்டரி குழுவில் 2 முறை. காய்ச்சல் வந்த தடவைகளும் குறைந்தன. சளி, இருமல், மூச்சுத் தொந்தரவு மட்டும் மூன்று குழுவிலும் ஒரே அளவு. கடையில் "சளி வராது" என்று சொன்னார்களே, அதற்குப் பதில் இங்கேயே இருக்கிறது.

அதே ஆய்வில் இன்னொரு சங்கதியையும் கவனியுங்கள். இரண்டு குழுவுக்கும் புரோபயாடிக்தான் கொடுத்தார்கள், ஆனால் பலன் ஒரே மாதிரி இல்லை. பொள்ளாச்சியில் போய்த் "தென்னங்கன்று வேணும்" என்று மட்டும் கேட்டால், "நெட்டையா குட்டையா, இளநீருக்கா கொப்பரைக்கா" என்று திருப்பிக் கேட்பார்கள் இல்லையா? நுண்ணுயிரிலும் அப்படித்தான். லாக்டோபேசில்லஸ் என்று பேர் ஒன்றாக இருந்தாலும், ரகத்துக்கு ரகம் வேலை வேறு. எந்த ரகத்தில் ஆய்வு நடந்ததோ அந்த ரகத்துக்குத்தான் அந்த முடிவு பொருந்தும், அதுவும் ஆய்வில் கொடுத்த அளவில் கொடுத்தால். ஆகவே டப்பாவில் "புரோபயாடிக்" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. பின்பக்கம் பொடி எழுத்தில் முழுப் பேரும், பேருக்குப் பின்னால் எழுத்தும் எண்ணும் கொண்ட ரகக் குறியும் இருக்கிறதா என்று பாருங்கள். ரகம் சொல்லாத டப்பாவுக்கு அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

ஐரோப்பியக் குழந்தைகள் குடல்நோய் மருத்துவர்களின் சங்கம் இந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து 2011-இல் ஒரு முடிவு வெளியிட்டது. ஆரோக்கியமான குழந்தைகளுக்கு ஆய்வில் பயன்படுத்திய ரகங்களால் ஆபத்து தெரியவில்லை, ஆனால் எல்லாக் குழந்தைக்கும் வழக்கமாகக் கொடுங்கள் என்று சொல்லும் அளவுக்குச் சான்றும் போதவில்லை என்பது அதன் சாரம். எனக்கும் அதுதான் கருத்து. இந்தத் துறையில் பல ஆய்வுகள் பால் பவுடர் கம்பெனிகளின் பணத்திலோ பொருள் உதவியிலோ நடந்தவை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அதனாலேயே அவை பொய் ஆகிவிடாது, ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

"நம்ம நாட்டிலேயே பெரிய ஆய்வு நடந்து, புரோபயாடிக்கால் பச்சைக் குழந்தைகளுக்கு ரத்தத் தொற்று குறைந்ததாமே" என்று யாராவது சொல்லக்கூடும். உண்மைதான். ஒடிசாவின் கிராமங்களில் 4,556 குழந்தைகளை வைத்து நடந்தது, 2017-இல் நேச்சர் இதழில் வந்தது. லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரத்தின் ஒரு குறிப்பிட்ட ரகத்தை, அதற்குத் தீனியான சர்க்கரையோடு சேர்த்து, பிறந்த சில நாட்களிலேயே தொடங்கி ஒரு வாரம் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கவனித்ததில், ரத்தத்தில் கிருமி கலப்பதும் சாவும் சேர்ந்து 100-க்கு 9 என்பதிலிருந்து 5.4 ஆகக் குறைந்தது. மனதைத் தொடும் முடிவு. ஆனால் அவை தாய்ப்பால் குடித்த குழந்தைகள். கொடுத்தது மருந்து போல, பிறந்த முதல் வாரத்தில். கடையில் உங்களுக்குக் காட்டிய டப்பாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இந்த ஆய்வைக் காட்டி அந்த டப்பாவை விற்க முடியாது.

விற்பது என்றதும் இன்னொன்று. 1992-இல் வந்து 2003-இல் திருத்தப்பட்ட குழந்தைப்பால் மாற்றுச் சட்டம் இந்தியாவில் இருக்கிறது. இரண்டு வயது வரையான குழந்தைகளுக்கான பால் பவுடரை விளம்பரம் செய்யவோ, இலவச சாம்பிள் கொடுக்கவோ, பரிசு கொடுத்து வாங்கத் தூண்டவோ கூடாது. டாக்டர் வீட்டுக் காலண்டரில் கூடக் கம்பெனிப் பேர் வந்துவிடக் கூடாது என்ற எண்ணத்தில் எழுதின சட்டம் அது. கடைக் கவுண்டரில் நின்று "இதைக் கொடுத்தால் நோய் வராது" என்று ஒருவர் சொல்லும்போது, அவர் ஒரு தாயின் பயத்தை வைத்து வியாபாரம் செய்கிறார். அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

இப்போது சுடுதண்ணீருக்கு வருகிறேன்.

டப்பாவைத் திறக்கும்போது உஸ் என்று காற்றுச் சத்தம் வரும், உள்ளே பவுடர் சுத்தமாகத் தெரியும். பார்க்கிறவர்களுக்கு அது கிருமி நீக்கின பொருள் என்று தோன்றும். அப்படி இல்லை. பால் பவுடர் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் முழுக்கக் கிருமி நீக்கம் செய்தது அல்ல. க்ரோனோபாக்டர் சகசாக்கி என்ற கிருமி காய்ந்த பவுடரிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தண்ணீரும் சூடும் கிடைத்ததும் பெருகத் தொடங்கும். சிறு குழந்தையின் ரத்தத்திலோ மூளை உறையிலோ புகுந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து, பிழைத்தாலும் மூளை பாதிக்கலாம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளும் குறைமாதக் குழந்தைகளும்தான் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். இது அரிதான நோய்தான். ஆனால் 2022-இல் அமெரிக்காவில் இந்தக் கிருமியின் பேரில் ஒரு பெரிய ஆலையையே மூடி, டப்பாக்களைத் திரும்பப் பெற்றார்கள் என்றால் எவ்வளவு கவனமாகப் பார்க்கிறார்கள் என்று புரியும். இது தவிர சால்மோனெல்லாவும் பவுடரில் வரலாம். அப்புறம் நம் கையிலிருந்தும் கரண்டியிலிருந்தும் ஏறுகிற கிருமிகள் வேறு.

இதற்காகத்தான் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் 2007-இல் ஒரு வழிமுறை வெளியிட்டன. பவுடரைக் கலக்கும் தண்ணீர் 70 டிகிரி செல்சியசுக்குக் குறையக் கூடாது. அந்தச் சூட்டில் இந்தக் கிருமிகள் இறந்துவிடும். பைஃபிடோபாக்டீரியம், லாக்டோபேசில்லஸ் இரண்டும் கூடவே பெரும்பாலும் இறந்துவிடும் என்பதும் நிஜம். சில டப்பாக்களில் "கொதித்து ஆறின தண்ணீரில் கலக்கவும்" என்று அச்சிட்டிருப்பது அதனால்தான். ஆக, கூடுதல் காசு கொடுத்து வாங்கின நல்ல கிருமியா, குழந்தையின் பாதுகாப்பா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை. எனக்கு இதில் சந்தேகமே இல்லை. சுடுதண்ணீரில்தான் கலக்க வேண்டும். உங்கள் குழந்தைக்கு நாலு மாதம், நிறைமாதம், ஆகவே ஆபத்து குறைவு. இருந்தும் சூட்டைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. நல்ல கிருமியால் கிடைக்கக்கூடியது சில நாள் வயிற்றுப்போக்கு குறைவது. மறுபக்கம் நிற்பது உயிர்.

அப்படியானால் அந்தப் புரோபயாடிக்குக்குக் கொடுத்த காசு? வீண்தான். இந்த ஒரு காரணத்துக்காகவே விலை கூடின டப்பா வேண்டாம் என்கிறேன். உங்கள் குழந்தை டாக்டர் ஏதோ காரணத்துக்குப் புரோபயாடிக் தேவை என்று நினைத்தால், சொட்டு மருந்தாகத் தனியாக எழுதிக் கொடுப்பார். அதைப் பாலில் கலக்காமல் நேராக வாயில் விடலாம், சூட்டுப் பிரச்சினையே இல்லை.

வீட்டில் தெர்மாமீட்டர் வைத்து அளந்துகொண்டு இருக்க முடியாது, தெரியும். தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து இறக்கி மூடி வையுங்கள். அரை மணி நேரத்துக்குள் கலந்துவிடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரை மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்தால் சீக்கிரம் ஆறிவிடும், அதனால் இறக்கின பத்து நிமிடத்திலேயே கலந்துவிடுவது நல்லது. நல்ல ஃபிளாஸ்க் இருந்தால் காலையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றி வைத்து, ஆவி பறக்கிற சூட்டில் இருக்கும்வரை எடுத்துக்கொள்ளலாம். முதலில் தண்ணீர், பிறகு பவுடர். கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும், குவித்தும் கூடாது, அழுத்தியும் கூடாது. விலை கட்டுப்படியாகாமல் ஒரு கரண்டியைக் குறைத்துத் தண்ணியாகக் கலக்கிற வீடுகளைப் பார்க்கிறேன், அந்தக் குழந்தைகள் எடை ஏறாமல் நோயில் விழுகிறார்கள். விலை கூடின டப்பா வாங்கித் தண்ணியாகக் கலப்பதை விட, விலை குறைந்த டப்பாவை அளவாகக் கலப்பது எவ்வளவோ மேல். கலந்ததும் புட்டியையோ டம்ளரையோ குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி ஆறவைத்து, மணிக்கட்டின் உட்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, பிறகு கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். குடித்தது போக மீதியைக் கொட்டிவிட வேண்டும். சித்திரை வெயிலில் காலையில் கலந்து மதியத்துக்கு எடுத்து வைப்பது வேண்டவே வேண்டாம்.

எந்தத் தண்ணீர் என்பது நம்ம பக்கத்தில் தனிக் கேள்வி. கோயமுத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டுக்கும், நொய்யல் கரையோரத்தில் உப்புக் கிணறு வைத்திருக்கும் வீட்டுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. கொதிக்க வைத்தால் கிருமி போகும், உப்பு போகாது. தண்ணீர் வற்ற வற்ற உப்பு கூடத்தான் செய்யும். போர் தண்ணீர் கரிப்பாக இருந்தால் குழந்தைக்கு அது வேண்டாம். குழாயில் வரும் பவானித் தண்ணீரோ காவிரித் தண்ணீரோ இருந்தால் அதைப் பிடித்துக் கொதிக்க வையுங்கள். கேன் தண்ணீர் வாங்குகிறவர்கள் "அது சுத்தம்தானே" என்று அப்படியே கலக்கிறார்கள். கேன் தண்ணீரும் கொதித்த பிறகுதான்.

அடுத்து புட்டி. ரப்பர் காம்பின் உள்மடிப்பிலும் புட்டியின் கழுத்திலும் பால் ஆடை ஒட்டிக்கொண்டால் அங்கேதான் கிருமி குடியிருக்கும். வயிற்றுப்போக்கோடு வரும் புட்டிப்பால் குழந்தைகளில் பலருக்கு மூலகாரணம் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். நம் வீடுகளில் சங்கும் பாலாடையும் இருந்தன. இடுக்கு இல்லாதது, திருப்பிப் பார்த்தால் அழுக்கு கண்ணுக்குத் தெரியும், கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வேலை முடிந்தது. ஆஸ்பத்திரிகளில் எடை குறைந்த குழந்தைகளுக்கு இன்றைக்கும் பாலாடையில்தான் கொடுக்கிறோம். நாலு மாதக் குழந்தை ஓரிரு நாளில் பழகிவிடும். காம்பு பழகி, ராத்திரி உங்கள் மார்பைத் தள்ளுகிற தொல்லையும் குறையும். குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போவது அமுச்சி என்றால் அவருக்கு இது சொல்லித் தரவே வேண்டியிருக்காது.

இனி, நான் உண்மையில் பேச விரும்புவது. பால் பவுடர் என்று முடிவாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். முழுக்க முடிவாகிவிட வேண்டாம். பெலாரசில் 1990-களில் 17,046 தாய்-சேய்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சில ஆஸ்பத்திரிகளில் தாய்ப்பாலைத் தொடர்வதற்குக் கூடுதல் உதவி கொடுத்தார்கள், மற்றவற்றில் வழக்கம் போல. உதவி கிடைத்த பக்கத்தில் முதல் வருடத்தில் வயிற்றுத் தொற்று வந்த குழந்தைகள் 100-க்கு 9.1, மறுபக்கம் 13.2. இந்த வித்தியாசம் டப்பாவில் வாங்கினது அல்ல, பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்ததால் வந்தது. தாய்ப்பாலில் இருக்கும் எதிர்ப்புப் பொருள் உங்கள் உடம்பு சந்தித்த கிருமிகளுக்கு எதிராக உண்டானது. உங்கள் வீட்டில், உங்கள் தெருவில், நீங்கள் போய்வரும் பஸ்ஸில் உலவும் கிருமிகளுக்கு. அதை எந்த ஆலையிலும் செய்து டப்பாவில் அடைக்க முடியாது.

அதனால் காலையில் கிளம்பும் முன் ஒரு முறை, வந்ததும் ஒரு முறை, ராத்திரி எத்தனை முறை கேட்டாலும், விடாமல் மார்பில் கொடுங்கள். பகலுக்குப் பீய்ச்சி வைக்கலாம். 25 டிகிரி வரையான அறைச் சூட்டில் நாலு மணி நேரம் தாங்கும். நம்மூர் வெயிலில் அவ்வளவு நம்ப வேண்டாம், உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், நாலு நாள் வரை இருக்கும். எடுத்துக் கொடுக்கும்போது அடுப்பில் காய்ச்சக் கூடாது, சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்திக் குளிர் போக்கினால் போதும். ஒரு வேளைக்குப் பால் போதாமல் போனால் அந்த வேளைக்கு மட்டும் பவுடர். பாதி தாய்ப்பால் என்றாலும் அது பாதி பாதுகாப்பு. பவுடர் தொடங்கிவிட்டதால் இனி என்ன என்று விட்டுவிடாதீர்கள்.

கம்பெனியிலும் கேளுங்கள். மகப்பேறு சட்டப்படி முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. வேலைக்குத் திரும்பினால் குழந்தைக்குப் 15 மாதம் ஆகும் வரை பால் கொடுக்கத் தினம் இரண்டு இடைவேளை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நாலு முறை போய்ப் பார்த்துவரலாம். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இருந்தால் விடுப்புப் பணம் ஈ.எஸ்.ஐ.யிலிருந்தே வரும். பீஸ் ரேட்டில் தைக்கிற பெண்களுக்கு இதெல்லாம் பல இடங்களில் வாய்ச்சொல்லாகக் கூடக் கிடைப்பதில்லை என்பது எனக்குத் தெரியும், தெரிந்து மனம் கொதிக்கிறது. நாலு மாதத்தில் ஒரு தாயை மெஷினுக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு, குழந்தைக்கு எந்த டப்பா நல்லது என்று கேட்க வைக்கிறோம். இருந்தாலும் கேட்டுப் பாருங்கள். இன்னும் சில வாரம் கிடைத்தாலும் குழந்தைக்கு அது எந்தப் புரோபயாடிக்கை விடவும் பெரியது.

தடுப்பூசி அட்டையை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்குக்கு முக்கியக் காரணமான ரோட்டா வைரசுக்கு 6, 10, 14 வாரங்களில் சொட்டு மருந்து இருக்கிறது. 2017 முதல் தமிழ்நாட்டு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசி 6, 14 வாரத்திலும் 9 மாதத்திலும், அதுவும் இலவசம். கடையில் சொன்ன "சளி வராது" என்பதற்குப் பக்கத்தில் வரக்கூடியது இதுதான். இதில் ஒன்று விட்டுப்போயிருந்தால் டப்பாவை மறந்துவிட்டு அடுத்த புதன்கிழமை செவிலியரிடம் போங்கள். கை கழுவுவதையும் சொல்லிவிடுகிறேன். கராச்சியின் ஏழைக் குடியிருப்புகளில் வீட்டுக்கு வீடு சாதாரண சோப்பு கொடுத்துக் கை கழுவப் பழக்கினார்கள். அந்த வீடுகளில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நிமோனியா பாதியாகக் குறைந்தது.

அமுச்சியின் மோர். அவர் சொல்வதில் விஷயம் இல்லாமல் இல்லை, மோரிலும் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. ஆனால் ஆறு மாதம் முடியும் வரை மோர், பசும்பால், தண்ணீர் எதுவும் வேண்டாம். ஆறு மாதத்துக்குப் பிறகு குழைந்த சோற்றில் வீட்டுத் தயிர் தாராளமாகப் பிசைந்து கொடுக்கலாம். தேன் மட்டும் ஒரு வயது வரை நாக்கில் தடவக்கூட வேண்டாம், அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை குழந்தையின் குடலில் முளைத்து உடம்பையே தளரச் செய்யும் நச்சை உண்டாக்கும். தெருவில் கழுதையோடு வந்து ஒரு சங்கு பால் கறந்து ஊற்றுகிறார்களே, அது காய்ச்சாத பால், கறக்கிற கையும் கழுவாத கை. நோய் எதிர்ப்புக்கு என்று கொடுத்து நோயை வாங்க வேண்டாம். உரைமருந்துக் கல்லுக்கும் அதே பதில்தான்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், பிறவி இதய நோயோ எதிர்ப்புச் சக்திக் குறைபாடோ உள்ள குழந்தைக்கும் புரோபயாடிக்கை நீங்களாகக் கொடுக்காதீர்கள். நல்ல கிருமியே அந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் இறங்கிவிடலாம். 2023 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், ஒரு குறைமாதக் குழந்தையின் சாவை அடுத்து, ஆஸ்பத்திரிகளுக்கே எச்சரிக்கை அனுப்பியது. 2014-இல் அங்கே ஒரு புரோபயாடிக் பொடியில் பூஞ்சை கலந்திருந்து இன்னொரு குறைமாதக் குழந்தை இறந்தது. குறைமாதக் குழந்தைகளின் குடல் அழுகல் நோயைத் தடுக்கச் சில ஆஸ்பத்திரிகளில் கொடுக்கிறார்கள் என்றால், அது டாக்டர் கண்முன் நடக்கிற விஷயம்.

இவ்வளவு பார்த்தும் வயிற்றுப்போக்கு வந்துவிட்டால், புரோபயாடிக் சாஷே வாங்க ஓட வேண்டியதில்லை. 2018-இல் முடிவு வெளியான, அமெரிக்காவில் 971 குழந்தைகளிடமும் கனடாவில் 886 குழந்தைகளிடமும் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளில், வயிற்றுப்போக்கு வந்த பிறகு கொடுத்த புரோபயாடிக்கால் ஒரு பலனும் தெரியவில்லை. வேலை செய்வது ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு-சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மருந்தும்தான். பெரிய பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் கொதித்து ஆறின தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு முறை போனதற்கும் 50 மில்லி முதல் 100 மில்லி வரை, பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாக. துத்தநாகம் இந்த வயதுக்குத் தினம் 10 மில்லிகிராம், 14 நாள், போக்கு நின்றாலும் நிறுத்தாமல். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பினாலும் சோர்ந்து கிடந்தாலோ, கண் குழிவிழுந்தாலோ, ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லை என்றாலோ, மலத்தில் ரத்தம் இருந்தாலோ, குடித்ததெல்லாம் வாந்தியானாலோ, தூங்கும்போது எண்ணிப் பார்த்தால் மூச்சு நிமிடத்துக்கு 50-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, வலிப்பு வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விடுங்கள். வழியிலும் மார்பில் போட்டுக்கொண்டே போகலாம்.